கப்பன் பூங்காவில் நாயோடு நடை: நிழலை நம்பிச் செய்யும் தவறுகள்

பெங்களூரில் நாய் வளர்க்கும் யாரிடமும் எங்கே நடக்கலாம் என்று கேட்டுப் பாருங்கள், முதலில் கப்பன் பூங்காவைத்தான் சொல்வார்கள். 1870-இல் உருவான பூங்கா. தூங்குமூஞ்சி மரங்களும் மூங்கில் புதர்களும் சேர்ந்து காலை ஒன்பது மணி வரைக்கும் வெயிலை உள்ளே விடாது. பெரும்பாலும் சமதளமான பாதை, மூட்டுவலிக்காரர்களுக்கும் வயதான நாய்களுக்கும் தோது. ஞாயிற்றுக்கிழமையில் உள்ளே வண்டிகளும் கிடையாது. நாய்களுக்கென்று வேலி போட்ட தனி இடம்கூட ஒன்று இருக்கிறது.

எங்கள் வீட்டுச் சிப்பிப்பாறை இன நாய் செவலையோடு ஆறு வருஷமாக இங்கே நடக்கிறேன். தெருவில் நடக்கும்போது ஒரு விபரீதமும் நடந்ததில்லை. நடந்ததெல்லாம் இந்தப் பூங்காவுக்குள்தான். காரணம் எளிது. தெருவில் வண்டி வரும், கண்ணாடிச் சில்லு கிடக்கும், அதனால் கவனமாக இருப்போம். பூங்கா கேட்டைத் தாண்டியதும் தோள் தளர்கிறது, லீஷ் பிடித்த கை தளர்கிறது, இன்னொரு கையில் போன் ஏறிவிடுகிறது. இதமான இடம் என்பதே இங்கே நம்மை அசர வைக்கிறது.

பட்டை இருக்கிறது, நாய் இல்லை

வந்த புதிதில் நடந்தது. பேண்ட் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மரத்திலிருந்து அணில் தலைகீழாக இறங்கி வந்தது. செவலை முன்னால் பாயவில்லை. இரண்டடி பின்னால் போனாள், தலையைத் தாழ்த்தினாள், அவ்வளவுதான். என் கையில் லீஷ் இருக்கிறது, லீஷின் முனையில் கழுத்துப்பட்டை தொங்குகிறது, பட்டைக்குள் நாய் இல்லை. அன்றைக்கு வார நாள். நூறடி தள்ளி உள்சாலையில் கார்கள் போய்க்கொண்டிருந்தன.

கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். அது இரண்டாவது தவறு. நான் ஓட ஓட அவளுக்குக் கொண்டாட்டம். தினமும் அங்கே நடக்கும் ஒரு பெரியவர், "ஓடாதேம்மா, நீ ஓடினா அது வெளையாட்டுன்னு நெனச்சுக்கும். அப்படியே உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். அவர் தன் பையிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தை எடுத்துச் சரசரவென்று கசக்கினார். சாலை ஓரத்துக்குப் போயிருந்தவள் அந்தச் சத்தத்துக்குத் திரும்பி வந்து என் மடியில் மூக்கை நுழைத்தாள். நாய் கைநழுவிப் போனால் துரத்தக் கூடாது. குந்திக்கொள்ளுங்கள், அல்லது எதிர்ப் பக்கமாக ஓடுங்கள். இரண்டுக்கும் நாய் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம்.

சிப்பிப்பாறை, கன்னி, கிரேஹவுண்ட் போன்ற வேட்டை நாய்களுக்குத் தலை குறுகல், கழுத்து தடிமன். சாதாரணப் பட்டை பின்பக்கமாக உருவிக்கொண்டு வந்துவிடும். இவற்றுக்கு மார்ட்டிங்கேல் பட்டை வாங்க வேண்டும். நாய் இழுத்தால் சற்றே இறுகும், தலையைத் தாண்டி வராது, குரல்வளையையும் நெரிக்காது. மற்ற நாய்களுக்கு மார்போடு சேர்த்து மாட்டும் ஹார்னஸ் நல்லது. எதுவானாலும் பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்றாவது நுழையக் கூடாது. குட்டியாக இருந்தபோது வைத்த ஓட்டையிலேயே ஒரு வருஷம் கழித்தும் மாட்டிக்கொண்டிருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன்.

பட்டனை அழுத்தினால் நீளும் லீஷ் மேல் எனக்குத் தீராத பகை. நாய் ஐந்து மீட்டர் முன்னால் போய்ப் பாதையின் அந்தப் பக்கம் மோப்பம் பிடிக்கும், நீங்கள் இந்தப் பக்கம் நிற்பீர்கள், நடுவே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கயிறு. காலையில் ஓடுகிறவர்கள் காதில் ஹெட்போனோடு வருவார்கள். அந்தக் கயிறு கெண்டைக்காலை அறுக்கும். நாய் பாயும்போது அதைக் கையால் பிடித்தால் விரலையும் அறுக்கும். ஆறடி நீளத்தில் துணி அல்லது நைலான் லீஷ் போதும்.

லீஷே இல்லாமல் விடுகிறவர்களிடம் கேட்டால் "கூப்பிட்டா வந்துடும்" என்பார்கள். வேலி போட்ட இடத்துக்குள் அது சரி. வெள்ளை ராஜபாளையம் வைத்திருப்பவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும். அந்த இனத்தில் பிறவியிலேயே காது கேளாமை உண்டு. கூப்பிட்டும் வராத நாய் சில சமயம் பிடிவாதக்கார நாய் அல்ல, செவிட்டு நாய்.

நிழல் வெயிலைத்தான் தடுக்கும்

நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கும். நாய்க்குப் பாதத்தில் கொஞ்சம் வேர்ப்பதோடு சரி. மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். வாயிலும் நாக்கிலும் உள்ள ஈரம் ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றிலேயே ஈரம் கூடுதலாக இருந்தால் அந்த ஆவியாதல் மந்தமாகிவிடும். அதனால்தான் ஏப்ரல் கடைசியில் மழை பெய்து விட்ட மறுநாள் காலை, நமக்கு என்னவோ சிலுசிலுவென்று இருந்தாலும், மூங்கில் புதர் ஓரத்தில் காற்றே அசையாத இடத்தில் நாய் தவித்துப்போகும். பக், ஷிட்ஸூ, பிரெஞ்ச் புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இது இரட்டிப்புக் கஷ்டம். மூச்சுப்பாதையே குறுகல்.

நாக்கு நீண்டு நுனி கரண்டி மாதிரி அகலமாகிறதா, மூச்சோடு கரகரப்பு கேட்கிறதா, எச்சில் கெட்டியாகக் கோழைபோல் ஒழுகுகிறதா, நடை தள்ளாடுகிறதா என்று பாருங்கள். இதில் கடைசி இரண்டைப் பார்த்துவிட்டால் நடையை அங்கேயே முடித்துக்கொள்ள வேண்டும். நாயின் சாதாரண உடல் வெப்பம் ஏறக்குறைய 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 106-ஐத் தொட்டால் உயிருக்கு ஆபத்து. உடனே உடம்பு முழுக்கச் சாதாரணத் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள், அப்படியே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி வைக்காதீர்கள், அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். வாயைத் திறந்து பலவந்தமாகத் தண்ணீர் புகட்டவும் கூடாது.

பூங்காவுக்குள் மண் குளிர்ந்திருக்கும். ஆனால் வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து கேட் வரை தார்ச்சாலை. திரும்பும்போது மணி பத்தாகியிருக்கும். புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், உங்களால் முடியவில்லை என்றால் அதன் பாதத்தாலும் முடியாது. செருப்பு போட்ட காலுக்கு இது தெரியாது.

"நிழல்லதான் கார் நிக்குது, ஒரு காபி குடிச்சிட்டு வந்துடறேன்" என்பதும் இந்த வகைதான். நிழல் நகரும். வெளியே 24 டிகிரி செல்சியஸ்தான் என்றாலும் வெயிலில் மூடிக் கிடக்கும் காருக்குள் அரை மணி நேரத்தில் 40-ஐத் தாண்டிவிடும். கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் வராது.

"ஒண்ணும் பண்ணாது, ஃப்ரெண்ட்லிதான்"

பாதையில் அதிகம் கேட்கும் வாக்கியம் இது. சொல்பவர் பொய் சொல்லவில்லை, அவர் நாய் ஃப்ரெண்ட்லிதான். எதிரே வரும் நாய் எப்படி என்பது அவருக்குத் தெரியாது. இரண்டு நாய்கள் நேருக்கு நேர், மூக்குக்கு மூக்கு, இரண்டு லீஷும் விறைப்பாக இருக்கும்படி சந்திப்பதைப் போல மோசமான அறிமுகம் வேறில்லை. விலகிப் போக வழியில்லாத நாய்தான் உறுமும். நாய்கள் தாங்களாகச் சந்திக்கும்போது நேராக வராது, வளைந்து வந்து பக்கவாட்டில் முகரும். அந்த வளைவுக்கு இடம் கொடுங்கள். லீஷைத் தளர்வாக விடுங்கள், மூன்று விநாடி, பிறகு நடையைக் கட்டுங்கள். சந்திக்கவே வேண்டாம் என்று நினைத்தால் பாதையை விட்டுப் பத்தடி ஒதுங்கிப் புல்லில் நின்றுகொள்ளலாம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

பூங்காவிலேயே வாழும் நாய்களுக்கு இது சொந்த ஊர், நாம்தான் விருந்தாளி. அவை குரைத்துக்கொண்டு வந்தால் பலர் உடனே கல்லைத் தேடுகிறார்கள், அல்லது தங்கள் சின்ன நாயைத் தலைக்கு மேல் தூக்குகிறார்கள். தூக்கினால் குரைக்கிற நாய் எம்பும், கடி உங்கள் கையில் விழும். முறைத்துப் பார்க்காமல், ஓடாமல், பக்கவாட்டில் திரும்பி அரை வட்டமாக விலகுங்கள். சட்டைப் பையில் கொஞ்சம் பிஸ்கட் துண்டு இருந்தால் அவற்றின் பின்பக்கமாகப் போடுங்கள். மூக்கு தரைக்குப் போய்விட்டால் சண்டை பாதி முடிந்த மாதிரி.

கடியோ கீறலோ பட்டுவிட்டால், அது நம் கையானாலும் நாயின் காலானாலும், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். மனிதருக்கு முழுதாகப் பதினைந்து நிமிடம். மஞ்சள், காபித்தூள் எதையும் அப்பாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள், நாயை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். போன வருஷம்தான் வெறிநோய்க்கு ஊசி போட்டோம் என்று நாய் விஷயத்தில் சும்மா இருக்கக் கூடாது.

நடையை நடையாகவே வைத்திருப்பதும் ஒரு தவறுதான். சமதளம் என்றதும் ஐயாயிரம் அடி, எட்டாயிரம் அடி என்று கைக்கடிகாரம் எண்ண ஆரம்பித்துவிடுகிறது, நாய் நின்று முகரும் ஒவ்வொரு தடவையும் இழுபடுகிறது. நமக்குக் காலை நாளிதழ் எப்படியோ அப்படி அதற்கு அந்த மரத்தடி. வெறும் வேக நடையைவிட நிதானமான மோப்பம் பல நாய்களை நன்றாகக் களைக்க வைக்கும். உங்கள் எட்டாயிரம் அடியை நாயை வீட்டில் விட்டுவிட்டு வந்து நடந்துகொள்ளுங்கள்.

சோளக்கட்டை

மழைக்காலத்தில் பூங்கா வாசலில் சுட்ட சோளம் வாசனை ஆளை இழுக்கும். தின்றுவிட்டுக் கட்டையைப் புதர் ஓரம் எறிந்துவிடுவார்கள். உப்பும் எலுமிச்சையும் ஊறிய அந்தக் கட்டை நாய்க்கு அமிர்தம். ஆனால் அது செரிக்காது. கடித்து முழுங்கிய துண்டு குடலில் போய் அடைத்துக்கொள்ளும். எங்கள் அடுக்ககத்தில் இருக்கும் ஒரு லேப்ரடார் இரண்டு நாள் சாப்பாட்டைத் தொடாமல் வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தது. ஏதோ வயிற்று உபாதை என்று மோர்சாதம் கொடுத்துப் பார்த்தார்கள். ஸ்கேனில் அடைப்பு தெரிந்தது, அறுவை சிகிச்சையில் வெளியே வந்தது நம் கட்டைவிரல் அளவு சோளக்கட்டை. மாங்கொட்டையும் இதே வேலையைச் செய்யும். போதாததற்குப் பிரியாணிப் பொட்டலத்தின் கோழி எலும்பு வேறு கிடக்கும்.

வாயில் எடுத்துவிட்டால் பதறிப்போய்த் தாடையைப் பிளக்காதீர்கள், அவசரத்தில் முழுங்கிவிடும். "விடு" என்ற ஒரே சொல்லை வீட்டில் பழக்கி வையுங்கள். விட்டதும் அதைவிட நல்லதாக ஒன்று கிடைக்க வேண்டும். வெறுங்கையோடு "விடு விடு" என்று பத்துத் தடவை சொன்னால் எந்த நாய் விடும்?

தேங்கிய தண்ணீரைக் குடிக்க விடுவது இன்னொன்று. எலியும் பெருச்சாளியும் உலாவுகிற இடத்தில் அவற்றின் சிறுநீர் கலந்த குட்டையிலிருந்து எலிக்காய்ச்சல் வரும். கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும், மனிதருக்கும் தொற்றும். ஆண்டுதோறும் போடும் கூட்டுத் தடுப்பூசியில் இதற்கும் சேர்த்துப் போட்டிருக்கிறதா என்று நாயின் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். தண்ணீர் பாட்டிலும் மடக்குக் கிண்ணமும் வீட்டிலிருந்தே வரட்டும்.

கழிவை அள்ளாமல் போவதைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது, என்று தோன்றலாம். 2022 ஜூனில் என்ன நடந்தது என்று ஞாபகப்படுத்துகிறேன். நாய்க்கழிவும் லீஷ் இல்லாத நாய்களும் பற்றிப் புகார் குவிந்து, ஜூலை 1 முதல் செல்லப்பிராணிகளுக்கு அனுமதியில்லை என்று தோட்டக்கலைத் துறை அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் அது நிறுத்திவைக்கப்பட்டது. "இலைச் சருகுதானே, மக்கி உரமாயிடும்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் வட்டப்புழு, கொக்கிப்புழு முட்டைகள் இருக்கும். மண்ணில் பல நாள் உயிரோடு கிடக்கும், வெறுங்காலோடு புல்லில் ஓடும் குழந்தையின் பாதத் தோலைத் துளைத்துக்கொண்டு கொக்கிப்புழுவின் குஞ்சு உள்ளே போகும். இரண்டு பை எடுத்துப் போங்கள். ஒன்று போதும் என்று போன அன்றைக்குத்தான் இரண்டாவது தேவைப்படும்.

வீட்டுக்கு வந்த பிறகு

நிழலான, ஈரப்பதமான, சருகு மண்டிய இடம் நமக்கு மட்டுமா பிடிக்கும்? உண்ணிக்கும் பிடிக்கும். தென்னிந்தியாவில் நாய்களுக்கு வரும் உண்ணிக் காய்ச்சல் சாதாரண விஷயமல்ல. சோர்வு, சாப்பாட்டில் வெறுப்பு, காய்ச்சல், வெளிறிய ஈறு, சில நாய்களுக்கு மூக்கில் ரத்தம். கடித்து நாள் கழித்துத்தான் தெரியவரும் என்பதால் பூங்காவையும் காய்ச்சலையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ கொடுக்கும் உண்ணி மாத்திரைகள் இருக்கின்றன. எது என்பதை எடை பார்த்து, வலிப்பு வந்ததுண்டா என்று கேட்டு, மருத்துவர் சொல்லட்டும். மருந்துக்கடையில் விசாரித்து வாங்காதீர்கள்.

மாத்திரை கொடுத்தாலும் கையால் தடவிப் பார்க்கிற வேலை பாக்கி இருக்கிறது. செவலை இதற்கென்றே வாசல் மிதியடியில் மல்லாந்து படுத்துவிடுவாள். காதுமடலின் உட்பக்க மடிப்பு, கழுத்துப்பட்டைக்கு அடியில், அக்குள், வாலடி, கடைசியாகக் கால்விரல் இடுக்கு. மிளகு மாதிரி ஏதாவது விரலில் தட்டுப்பட்டால் நகத்தால் நசுக்காமல், மண்ணெண்ணெய் ஊற்றாமல், சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மெல்ல இழுக்க வேண்டும். சாம்பல் நிறத்தில் உப்பிய ஒன்று நேற்றுப் பின்னங்கால் இடுக்கில் கிடைத்தது. ஸ்பிரிட் ஊற்றிய பாட்டில் மூடியில் போட்டேன், அவள் எழுந்து உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போய்விட்டாள்.