டம்ளரின் அடியைத் தட்டையாக வரையாதீர்கள்

டம்ளர், குடம், செம்பு எதை வரைந்தாலும், வாய்க்குப் போடும் நீள்வட்டத்தைவிட அடிக்குப் போடும் நீள்வட்டத்தைக் கொஞ்சம் உருண்டையாகப் போடுங்கள். புதிதாக வரையப் பழகுபவர்கள் பெரும்பாலும் அடியில் நேர்கோடு இழுத்துவிடுகிறார்கள், பாத்திரம் தட்டையாகிவிடுகிறது.

காரணம் கண்மட்டம், அதாவது உங்கள் கண் இருக்கும் உயரம். ஒரு வட்டம் சரியாகக் கண்மட்டத்தில் இருந்தால் வெறும் கோடாகத் தெரியும். அதற்குக் கீழே இறங்க இறங்க விரியும். டம்ளரின் அடி வாயைவிடக் கீழே இருப்பதால் அதிகம் விரிகிறது. கும்பகோணம் பித்தளை டவரா, டம்ளர் இதற்கு நல்ல மாடல்: ஒரே செட்டில் பல வட்டங்கள் கிடைக்கும். (காபியைக் குடித்துவிட்டு வரையுங்கள், ஆறிவிடும்.) அடியின் பின்பக்கம் மறைந்திருந்தாலும், கண்ணாடிப் பாத்திரம் போல நினைத்து முழு நீள்வட்டத்தையும் லேசாகப் போட்டுவிட்டு, அப்புறம் மறையும் பகுதியை மட்டும் அழித்துவிடுங்கள்.

கோடு நடுங்கினால், பென்சிலைத் தாளில் வைக்காமல் காற்றில் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, தோளிலிருந்து கையை அசைத்து ஒரே வீச்சில் போடுங்கள். பழைய செய்தித்தாளே போதும், ஸ்கெட்ச் புத்தகம் வாங்க வேண்டாம்.

கண்மட்டத்துக்கு மேலே இருப்பவற்றுக்கு இது தலைகீழ்: மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியில் மேலே இருக்கும் வளையம்தான் அதிகம் வளையும். வயலுக்கு அப்பால் வெகுதூரத்தில் தெரியும் தொட்டி என்றால் வித்தியாசமே தெரியாது, எல்லாவற்றையும் ஏறக்குறைய கோடாகவே போடலாம். சாய்ந்து கிடக்கும் குடத்துக்கும் இந்தக் கணக்கு சரிவராது.