அழுத்தமானி முள்ளைப் பார்ப்பதற்கு முன் ஊகியுங்கள்: ஸ்கூபாவில் காற்றும் நேரமும்

முட்டம், குளச்சல் பக்கம் கடலில் முங்கியே வளர்ந்தவர்கள் ஸ்கூபா, அதாவது காற்று சிலிண்டரோடு முங்குவது, பழக வந்தால் மூச்சடக்கும் பழக்கமும் கூடவே வரும். பாறையில் சிப்பி எடுக்கிறவருக்கு அதுதான் தொழிலே. முதுகில் சிலிண்டர் ஏறியபின் அதே திறமை ஆபத்து. ஆழத்தில் இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலேறினால், அழுத்தம் குறையக் குறைய அது விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடலாம். காற்றை மிச்சம் பிடிக்க நிறுத்தி நிறுத்தி இழுப்பதும் வேண்டாம். கரியமில வாயு சேர்ந்து தலைவலிக்கும், அப்புறம் மூச்சு வாங்கி, மிச்சம் பிடித்தது எல்லாம் போய்விடும்.

அடுத்தது, "ஒரு சிலிண்டர் ஒரு மணி நேரம் வரும்" என்ற பேச்சு. எந்த ஆழத்தில்? 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அழுத்தத்தில் சுமார் 2,200 லிட்டர் காற்று இருக்கும். 50 பாரைத் தொடாமல் வைத்தால் செலவுக்கு 1,650 லிட்டர். ஆழம் கூடினால் நீரின் அழுத்தமும் கூடும், ஒவ்வொரு மூச்சுக்கும் கூடுதல் காற்று போகும். நீர்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறவருக்கு 10 மீட்டரில் 40 லிட்டரும் 20 மீட்டரில் 60 லிட்டரும் வேண்டும். அதாவது 10 மீட்டரில் 41 நிமிடம் வரும் காற்று 20 மீட்டரில் 27 நிமிடத்தில் தீரும். நீரோட்டத்தை எதிர்த்துக் காலடித்தால் அதுவும் வராது. குமரி முனையின் இழுப்பைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. போகும்போது நீரோட்டத்தை எதிர்த்துப் போய், திரும்பும்போது அதன் போக்கில் வருவதே நல்லது.

நினைவு வந்தால் மட்டும் அழுத்தமானியைப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஒரு மீன் கூட்டம் போதும், பத்து நிமிடம் போனது தெரியாது. சும்மா அடிக்கடி பார்த்தாலும் மனதில் நிற்காது. முதலில் ஊகியுங்கள்: "இப்போது 130 இருக்கும், இறங்கி 12 நிமிடம் ஆகியிருக்கும்." பிறகு பாருங்கள். முள் 110-இல் நின்றால் ஏன் என்று யோசிப்பீர்கள்: ஆழம் கூடியதா, பதற்றமா, நீரோட்டத்தின் இழுப்பா? நாலைந்து முங்கலில் ஊகம் நெருங்கி வந்துவிடும். கூட வந்தவரின் அளவையும் சைகையில் கேளுங்கள். யாருக்குக் குறைவோ அவர் கணக்குப்படிதான் இருவரும் திரும்ப வேண்டும்.

50 பார் வந்ததும் மேலேறத் தொடங்குவது இன்னொரு தவறு. மேற்பரப்பை அடையும்போது அந்த 50 மிச்சம் இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் ஏறி, 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்கவும் காற்று செலவாகும். அதைச் சேர்த்து முன்பே திரும்புங்கள்.

காற்று மிச்சம் இருக்கிறதே என்று நேரத்தை மறப்பவர்களும் உண்டு. ஆழம் கூடினால் நைட்ரஜன் உடம்பில் வேகமாகச் சேரும். அது அளவு மீறினால் நேராக மேலேறுவது ஆபத்து. பரவலாகப் புழங்கும் ஓர் அட்டவணைப்படி அதற்கான எல்லை 18 மீட்டரில் 56 நிமிடம், 30 மீட்டரில் வெறும் 20. அன்றே இரண்டாவது முறை இறங்கினால் இதுவும் குறையும். டைவ் கம்ப்யூட்டர் (ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் கருவி) காட்டும் மிச்ச நேரத்தையும் முள்ளையும் சேர்த்தே பாருங்கள், எது முதலில் தீருமோ அதுதான் உங்கள் எல்லை.

வள்ளத்தில் இருந்து குதிக்கும் முன் முள்ளைப் பார்த்தபடி நாலு மூச்சு இழுங்கள். முள் ஆடினால் வால்வு சரியாகத் திறக்கவில்லை என்று சந்தேகித்து, இறங்காமல் சரிபாருங்கள்.