பழைய அம்பாசிடரை ஆயில் பெயின்டில் வரைவது எப்படி

வேலூரில் லாரிக்கும் காருக்கும் பட்டி பார்த்து பெயின்ட் அடித்த கை இது. இப்போது அதே வண்டிகளைக் கேன்வாஸில் வரைகிறேன். பழைய வண்டி வரைய வருகிற பிள்ளைகள் பலர் காரை அழகாக முடித்துவிட்டு, கடைசியில் பிரவுன் கலரைத் தொட்டு அங்கங்கே துருவைத் தூவிவிடுகிறார்கள். அது துருவாகத் தெரியவே தெரியாது. துரு எங்கே பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்று முதலில் தெரியணும்.

வரைவதற்கு அம்பாசிடரைத்தான் சொல்வேன். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் காரைப் பார்த்து உருவாக்கி, 1950களின் கடைசியிலிருந்து 2014 வரை மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் செய்த வண்டி. காட்பாடி ஸ்டேஷனில் இறங்கி சிஎம்சி ஆஸ்பத்திரிக்குப் போன எத்தனையோ குடும்பங்களைச் சுமந்திருக்கிறது.

அதன் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டும் 1.6 மீட்டரை ஒட்டி வரும். முன்னால் நின்று பார்த்தால் ஒரு சதுரத்துக்குள் அடங்கிவிடும். இன்றைய கார்களைப் பார்த்துப் பழகிய கை தன்னால் கூரையைத் தாழ்த்தும். அதனால் முதலில் சதுரம் போட்டுக்கொள்ளுங்கள். நின்றே கிடக்கும் வண்டிக்கு டயரில் காற்று இருக்காது, ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வைப் பென்சிலிலேயே கொண்டுவந்துவிடணும். போட்டோ எடுப்பதானால் காலை ஒன்பதுக்குள் எடுங்கள். நம்ம ஊர் உச்சி வெயிலில் நிழலே விழாது, கூரை வெறும் வெள்ளையாகிவிடும்.

இனிமேல்தான் வேலை. பட்டறையில் முதலில் தகரம், அதன்மேல் ரெட் ஆக்சைடு என்கிற செங்காவி அடிப்பூச்சு, பள்ளத்தை நிரப்பும் பட்டி, எமரி தேய்ப்பு, கடைசியில் கலர். கேன்வாஸிலும் இதே வரிசையில் போங்கள். பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்புக் கலரை டர்பன்டைனில் மெலிதாகக் கரைத்து கார் முழுக்க ஒரு கோட் அடித்துக் காயவிடுங்கள். வெள்ளையும் ரா அம்பர் என்கிற மங்கிய பழுப்பும் கலந்த சாம்பலை, இடிபட்டுப் பட்டி வைத்திருக்கக்கூடிய இடங்களில் மட்டும் வையுங்கள்: மட்கார்டு, கதவின் கீழ்ப்பாதி. அதுவும் காய்ந்த பிறகு மேல் கலரைக் கொஞ்சம் லின்சீட் ஆயில் சேர்த்து அடியுங்கள். கீழ்ப் பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப் போக அதிகமாகவும் இருக்கணும். மாறிப்போனால் பின்னாளில் மேல் பூச்சு வெடிக்கும்.

மேல் கலர் ஈரமாக இருக்கும்போதே பேலட் கத்தியின் நுனியால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளிருந்து செங்காவி எட்டிப் பார்க்கும். பட்டி வைத்த இடமானால் ஓரத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு சாம்பல் கோடு தங்கும். அதை அழித்துவிடாதீர்கள், எந்தப் பிரஷ்ஷாலும் அப்படி ஒரு கோடு வராது.

தண்ணீர் தேங்குகிற இடத்தில்தான் சுரண்டணும்: கதவின் அடி விளிம்பு, மட்கார்டின் உள்வளைவு, கூரையோர வாய்க்கால், ஹெட்லைட் வளையம். துரு உள்ளிருந்து கொப்பளித்து வெளியே வரும். அதன் நடுவுக்கு பர்ன்ட் அம்பர் என்கிற கரும்பழுப்பில் துளி அல்ட்ராமரின் நீலம், சுற்றிலும் ஆரஞ்சு, அதிலிருந்து கீழே இறங்கும் மெல்லிய கறை. வண்டி சாய்ந்திருந்தாலும் கறை நேர் கீழேதான் இறங்கும்.

பானட்டுக்கும் கூரைக்கும் வேறு கதை. அங்கே வெயில் கலரை வெளுக்க வைத்து மாவாக்கியிருக்கும். ஈரமில்லாத பிரஷ்ஷில் வெள்ளையும் எல்லோ ஆக்கரும் தொட்டு மேலோட்டமாக இழுங்கள். பளபளப்பு கண்ணாடிக்கும், பம்பரில் மிஞ்சிய குரோமுக்கும் மட்டும் போதும். கீழ்ப்பாதியில் படிந்த தூசிக்குப் பாலாற்று மணல் நிறம், அதாவது ரா அம்பரும் வெள்ளையும்.

இத்தனைக்கும் பிறகு ஒரு இடத்துக்கு நிறைய நேரம் கொடுக்கச் சொல்வேன். டிரைவர் ஜன்னலின் கீழ் விளிம்பில் முழங்கை பட்டுப் பட்டு பெயின்ட் வழவழவென்று தேய்ந்திருக்கும். கைப்பிடியைச் சுற்றி மோதிரமும் சாவியும் இழுத்த வளைவான கீறல்கள் இருக்கும். இதைக் கத்தியால் செய்யாமல் சின்ன பிரஷ்ஷில் பொறுமையாகச் செய்யுங்கள். படம் பார்க்கிறவர் தன் அப்பாவையோ மாமாவையோ நினைத்துக்கொள்வது இந்த இடத்தில்தான். படம் முழுக்க மஞ்சள் பூசி அந்தக் காலத்தைக் கொண்டுவர முடியாது.

வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுங்கள், மேட் வார்னிஷே வாங்குங்கள். பளபள வார்னிஷ் அடித்தால் வெளுத்த கூரையும் மின்னும், பட்ட பாடெல்லாம் வீண். இன்னொன்று, லின்சீட் ஆயில் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது உள்ளே சூடு ஏறித் தானாகவே தீப்பிடிக்கும், அக்னி நட்சத்திர நாட்களில் இன்னும் கவனம் வேண்டும். வெளியே ஒற்றையாக விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.