ஃபஸி லாஜிக்கில் ராணுவத் தளவாடத் தேர்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபஸி லாஜிக் என்பது 'சுமார்', 'நல்லது' போன்ற துல்லியமில்லாத மதிப்பீடுகளை எண்களாக்கிக் கணக்குப் போடும் முறை. அதை வைத்து ராணுவத் தளவாடம் தேர்ந்தெடுக்கும் வேலைக்குப் புதிதாக வருபவர்களின் எக்செல் ஷீட்டைத் திறந்தாலே அதே பழைய தவறுகள்தான். ஃபார்முலாவில் அடைப்புக்குறி விட்டுப்போவதை எல்லாம் விட்டுவிடுகிறேன், அதை எக்செலே காட்டிக்கொடுத்துவிடும். எந்த எர்ரரும் வராமல், விடையும் அழகாக வந்து, அந்த விடையே தப்பாக இருப்பதுதான் ஆபத்து.

பூஜ்ய வெயிட்டேஜ்

ஃபஸி ஏஎச்பி (அளவுகோல்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டு ஒவ்வொன்றுக்கும் வெயிட்டேஜ் கண்டுபிடிக்கும் ஏஎச்பி முறையின் ஃபஸி வடிவம்) என்றதும் பலரும் கையில் எடுப்பது சாங் 1996-ல் தந்த எக்ஸ்டென்ட் அனாலிசிஸ் முறை. ஒரு கவச வண்டித் தேர்வில் தாக்குதிறனுக்கு (0.45, 0.58, 0.74), பராமரிப்பு வசதிக்கு (0.09, 0.12, 0.18) என்று முக்கோண எண்கள் (குறைந்தது, பெரும்பாலும் இருக்கக்கூடியது, அதிகபட்சம் என மூன்று மதிப்புகள்) வருவதாக வைத்துக்கொள்வோம். பராமரிப்பின் உச்சமே 0.18, தாக்குதிறனின் அடிமட்டமோ 0.45, இரண்டு முக்கோணங்களும் எங்கும் தொட்டுக்கொள்ளவில்லை. உடனே பராமரிப்பின் வெயிட்டேஜ் 0 ஆகிவிடும்! ஏனென்றால் அந்த முறை கேட்பது 'இது அதைவிடப் பெரிதாக இருக்க வாய்ப்பு உண்டா' என்பதை மட்டும்தான்; இது எவ்வளவு முக்கியம் என்பதை அல்ல.

இப்படி ஒரு ஷீட்டைக் கொண்டுவந்த தம்பி, "அப்படின்னா பராமரிப்பு முக்கியமில்லைன்னுதானே சார் அர்த்தம்?" என்றார். முக்கியம் என்று நினைத்துத்தானே நிபுணர்கள் அதைப் பட்டியலிலேயே சேர்த்தார்கள்? பாதி நாள் பணிமனையில் கிடக்கும் வண்டியும் ஓடிக்கொண்டே இருக்கும் வண்டியும் அந்த ஷீட்டில் ஒன்றாகிவிட்டன. இந்தக் கோளாறை வாங், லுவோ, ஹுவா மூவரும் 2008-லேயே விளக்கி எழுதிவிட்டார்கள், இன்னமும் நிற்கவில்லை. இதைவிட எரிச்சல், முக்கோணங்களை வேண்டுமென்றே அகலமாக்கி, ஒன்றோடொன்று உரச வைத்து, பூஜ்யத்தை 0.03 ஆக்கிக் காட்டும் கெட்டிக்காரத்தனம். பக்லி 1985-ல் சொன்ன பெருக்கல் சராசரி முறைக்குப் போங்கள், அதில் எந்த அளவுகோலும் பூஜ்யமாகாது.

கட்டாயத் தகுதியை ஃபஸி ஆக்குவது

கடக்க வேண்டிய பாலம் 40 டன்தான் தாங்கும் என்றால், 46 டன் வண்டி 'சுமார்' ஆகாது, பட்டியலுக்கே வெளியே. முதலில் வடிகட்டுங்கள், மிஞ்சியதற்குத்தான் ஃபஸி. இல்லாவிட்டால் குறைந்த விலைக்குக் கிடைத்த மார்க் அந்த ஓட்டையை அடைத்து வண்டியை மேலே ஏற்றிவிடும்.

ஒரே விஷயத்துக்கு மூன்று மார்க்

எஞ்சின் குதிரைத்திறன், டன்னுக்கு எத்தனை குதிரைத்திறன், சாலை வேகம். மூன்றும் ஏறக்குறைய ஒன்றையே அளக்கின்றன.

அவசரமாக ஒற்றை எண்ணாக்குவது

முக்கோணத்தின் மூன்று மதிப்புகளை ஒரே எண்ணாகச் சுருக்குவதைக் கடைசிப் படியில் செய்யுங்கள். முதல் படியிலேயே சராசரி எடுத்துவிட்டால் ஃபஸி எதற்கு?

'நல்லது' என்றால் எவ்வளவு?

ஒருமுறை எரிபொருள் நிரப்பினால் 400 கிலோமீட்டர் ஓடுவது ஒருவருக்கு 'நல்லது', இன்னொருவருக்கு 600. நிபுணர்களிடம் மதிப்பெண் படிவத்தை நீட்டுவதற்கு முன்பே இதைப் பேசி முடித்துவிடுங்கள். அப்புறம் இறுதி மார்க்கில் 0.61-க்கும் 0.60-க்கும் நடுவே வெற்றியாளரை அறிவிக்காதீர்கள். முக்கோணங்களைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள், வரிசை மாறினால் இரண்டு வண்டிகளின் பெயரையும் தேர்வுக் குழுவிடம் கொடுங்கள், கள சோதனையில் அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.