கிரீச்சர் கார்டில் முதலில் எதைப் பார்ப்பது?

மேஜிக் த கேதரிங் என்ற கார்டு ஆட்டத்தில் புது கிரீச்சர் கார்டு (களத்தில் இறங்கிச் சண்டை போடும் உயிரினம்) கிடைத்தால், கண் நேராகக் கீழ் வலது மூலையில் உள்ள தாக்கும் எண், தாங்கும் எண் இரண்டுக்கும்தான் போகும். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். இறக்கிய உடனே எதிராளி அதைக் கொன்றுவிட்டால் எனக்கு என்ன மிஞ்சும்? முதல் கேள்வி இதுதான். முல்டிரிஃப்டர் என்ற கார்டை எடுத்துக்கொள்ளுங்கள்: இறக்க 5 மானா (கார்டுக்குச் செலவிடும் சக்தி), பறக்கும், ஆனால் வெறும் 2/2, அதாவது தாக்கும் எண் 2, தாங்கும் எண் 2. களத்தில் நுழைந்ததுமே 2 கார்டு எடுத்துவிடலாம். அப்புறம் அது செத்தாலும் பெரிய நஷ்டமில்லை. எண் மட்டும் பெரிதாக உள்ள 6 மானா கார்டோ, எதிராளியின் 2 மானா மந்திரத்துக்குப் பலியானால் உங்கள் அந்த ஆட்டமுறை முழுக்க வீண். சரி, உடனடிப் பலன் எதுவும் இல்லையா? தாங்கும் எண் 4 ஆவது இருக்கிறதா பாருங்கள். ஒரே மானாவில் 3 சேதம் தரும் லைட்னிங் போல்ட் மந்திரத்திலிருந்து தப்பிக்கும்.