நட்பு நாட்டிடம் ஆயுதம் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொடுக்கிற நாடு சரி என்று சொன்னதுமே வேலை முடிந்துவிட்டதாக நினைப்பதுதான் முதல் தவறு. ஆயுதத்தையோ அதன் உதிரிபாகத்தையோ குண்டையோ தயாரித்த நாடு வேறாக இருந்தால், அதன் அனுமதியும் வேண்டும். விற்கும்போதே "எங்களைக் கேட்காமல் வேறு நாட்டுக்குத் தரக்கூடாது" என்று எழுதி வாங்கிவிடுவார்கள்.

2022-ல் உக்ரைனுக்கு கெபார்ட் விமான எதிர்ப்பு வாகனங்களைத் தர ஜெர்மனி முன்வந்தது. அதற்கான 35 மி.மீ. குண்டுகளில் ஒரு பகுதி சுவிட்சர்லாந்தில் தயாரானது. போரில் இருக்கும் நாட்டுக்கு அதை அனுப்ப சுவிட்சர்லாந்து அனுமதி மறுத்துவிட்டது. கடைசியில் ஜெர்மனி தன் மண்ணிலேயே புதிதாகக் குண்டு தயாரிக்க வேண்டி வந்தது. போலந்தின் கதையும் இப்படித்தான். தன்னிடம் இருந்த லெப்பர்ட் 2 டாங்கிகளைக் கொடுக்க அது தயார். ஆனால் தயாரித்த ஜெர்மனி தயங்கியது. 2023 ஜனவரி 25 அன்று ஜெர்மனி இறங்கி வந்தது. அதே நாளில்தான் அமெரிக்காவும் 31 ஆப்ராம்ஸ் டாங்கிகளை அறிவித்தது. தனியாக முன்னே நிற்க அஞ்சும் நாட்டை வெளிப்படையாகக் கடிந்துகொள்வதைவிட, அதோடு சேர்ந்து நிற்க இன்னொரு நாட்டைத் தேடுவதே பலன் தரும் என்பது என் கருத்து.

அடுத்து, அதிபரின் வாக்கை நாட்டின் வாக்காக எடுத்துக்கொள்வது. அமெரிக்காவில் 1976-ம் ஆண்டின் ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, பெரிய விற்பனைகளை நாடாளுமன்றத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். பொதுவாக 30 நாள், நேட்டோ நாடுகளுக்கு 15 நாள். பாகிஸ்தான் 28 எஃப்-16 விமானங்களுக்குப் பணம் கட்டத் தொடங்கிய பிறகு, 1990-ல் பிரெஸ்லர் திருத்தத்தால் (பாகிஸ்தானிடம் அணு ஆயுதம் இல்லை என்று அதிபர் சான்றளித்தால்தான் ஆயுதம் தரலாம் என்ற அமெரிக்கச் சட்டம்) அவை நின்றுபோயின. பணத்தகராறு தீர 1998 ஆனது. பேச்சு நடக்கும்போதே எதிர்க்கட்சி உறுப்பினர்களையும் போய்ப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

எதிரணியிடமும் வாங்கி இந்தப் பக்கமும் வாங்கலாம் என்று கணக்குப் போடுவதும் ஆபத்து. ரஷ்யாவின் எஸ்-400 வான் பாதுகாப்பு ஏவுகணைகள் வந்து இறங்கியதும், 2019 ஜூலையில் துருக்கியை எஃப்-35 போர் விமானத் திட்டத்திலிருந்து அமெரிக்கா நீக்கியது.

எத்தனை டாங்கி, எத்தனை விமானம் என்று எண்ணிக்கையை மட்டும் பேசிவிட்டு எழுந்துவிடவும் கூடாது. பயிற்சி, பழுதுபார்ப்பு, தொடர்ந்து வரும் குண்டு எல்லாம் அதே ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

அப்புறம், பயன்பாட்டு நிபந்தனையைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடுவது. இதற்கான விலையைக் களத்தில் நிற்கும் வீரர்கள்தான் கொடுக்கிறார்கள். உக்ரைன் 2023 அக்டோபரிலேயே அமெரிக்கா தந்த அட்டாக்கம்ஸ் ஏவுகணைகளைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டது. அவற்றை ரஷ்ய எல்லைக்குள் ஏவ அமெரிக்காவின் அனுமதி 2024 நவம்பரில்தான் வந்தது.