மனநல வார்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போஸ்டிங் வரும் ஒவ்வொரு பேட்ச் நர்சிங் மாணவியரும் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். சாவியை மேஜையில் விட்டுப்போவது போன்றவற்றை முதல் நாளே சார்ஜ் சிஸ்டர் திட்டித் திருத்திவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

அம்மாவைக் குற்றவாளியாக்குவது

"ரொம்பக் கண்டிப்பா வளர்த்தீங்களாம்மா?" நோயாளியின் ஹிஸ்டரி, அதாவது நோய் வரலாறு, எடுத்த மாணவி இப்படிக் கேட்டதும் அந்தத் தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தாயின் வளர்ப்புதான் ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோயைக் கொண்டுவருகிறது என்ற கருத்து 1940களின் இறுதியில் அமெரிக்காவில் பிரபலமாகி, பிறகு கைவிடப்பட்டது. மரபணுவின் பங்கு பெரிது, ஆனால் அது மட்டுமே காரணமில்லை. ஒரே கருவிலிருந்து உருவான இரட்டையரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தாலும் பெரும்பாலும் மற்றவருக்கு வருவதில்லை. பிரசவச் சிக்கல், இளம் வயதில் கஞ்சா போன்றவை ஆபத்தைக் கூட்டுகின்றன. குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று கேளுங்கள். குறுக்கு விசாரணை வேண்டாம்.

நோயாளிக்கு மட்டும் கேட்கும் குரல்களோடு வாதாடுவது

வேண்டாம். "எனக்குக் கேட்கல, உங்களுக்குப் பயமா இருக்கும்னு புரியுது" போதும். அந்தக் குரல் யாரையாவது, அல்லது தன்னையே, தாக்கச் சொல்கிறதா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

தவிப்பை நோய் என்று எழுதுவது

இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தைத் தொடங்கிய சில நாட்களில் ஒரு பையன் வராந்தாவில் ஓயாமல் நடந்தான். இட்லித் தட்டைக் கையில் பிடித்து நின்றபடியே தின்றான், ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே. 'நோயாளி கிளர்ச்சியாக உள்ளார்' என்று நோட்ஸில் எழுதிவிட்டு, தேவைப்பட்டால் போடச் சொல்லியிருந்த அதே ஊசியை எடுக்கப் போனாள் மாணவி. நிறுத்திவிட்டு அவனிடம் கேட்டேன். "உட்கார முடியல சிஸ்டர், உள்ளுக்குள்ள பிடுங்குது" என்றான். அது அகதீசியா, மருந்தின் பக்கவிளைவு. அதற்கு மேலும் ஹாலோபெரிடால் போட்டால் தவிப்பு கூடும். கூடக் கூட இன்னும் ஊசி. சரி, அதோடு முடிகிறதா? வீட்டுக்குப் போனதும் மாத்திரையே வேண்டாம் என்பார்கள். சிலருக்குத் தற்கொலை எண்ணம்கூட வரலாம்.

நடை எப்போது தொடங்கியது, மருந்து தொடங்கிய அல்லது டோஸ் கூட்டிய தேதி எது என்று சார்ட்டில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்புறம் "மனசு அலையுதா, கால் நிக்க மாட்டேங்குதா?" என்று அவரிடமே கேளுங்கள். பதிலை அவர் வார்த்தையிலேயே எழுதி, அடுத்த ஊசிக்கு முன் டாக்டரிடம் சொல்லுங்கள். டோஸைக் குறைப்பதோ தவிப்பைத் தணிக்க ப்ரோப்ரனோலால் மாத்திரை சேர்ப்பதோ அவர் முடிவு. 'கிளர்ச்சி' என்ற ஒற்றைச் சொல்லை வைத்து அவரால் எதையும் ஊகிக்க முடியாது.

மாத்திரையைக் கொடுத்துவிட்டு நகர்வது

விழுங்கும்வரை நில்லுங்கள். நாக்குக்கு அடியிலும் பாருங்கள்.

க்ளோசபின் நோயாளியின் காய்ச்சலுக்குப் பாராசிட்டமாலோடு விடுவது

அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். க்ளோசபின் என்ற இந்த மனநோய் மருந்து சிலருக்கு இரத்த வெள்ளணுக்களை ஆபத்தாகக் குறைத்துவிடும், அதனால் வெள்ளணு எண்ணிக்கை பார்த்தாக வேண்டும்.